கிருமியைத் தோலில் வைத்துப் பார்ப்போம்



கசகசா ஒன்றை நகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் இளம் உண்ணி அந்த அளவுதான். அது கடித்ததே பலருக்குத் தெரிவதில்லை. சில நாள் கழித்து அங்கே சிவந்த தடிப்பு தோன்றி அகலும்போதுதான் மருத்துவரைத் தேடுகிறார்கள்.

1975 வாக்கில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லைம் என்ற ஊரையொட்டிப் பல குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியது. தாய்மார் விடாமல் கேள்வி கேட்டதால்தான் ஆய்வே தொடங்கியது. அவர்களை இந்த அவையில் முதலில் நினைத்துக்கொள்கிறேன். 1981-இல் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலில் சுருள் கிருமியைக் கண்டார். பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று அவர் பெயரே அதற்கு நிலைத்தது.

உண்ணியின் குடலில் பசித்துக் கிடக்கும்போது இந்தக் கிருமி ஆஸ்ப்-ஏ என்ற மேலுறைப் புரதத்தால் குடற்சுவரைப் பற்றிக்கொள்கிறது. உண்ணி ரத்தம் குடிக்கத் தொடங்கியதும் குடலில் சூடு ஏறுகிறது, அமிலத்தன்மை மாறுகிறது. உடனே ஆர்ப்போ-எஸ் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் எழுந்து, ஆஸ்ப்-ஏ மரபணுவை அடக்கி ஆஸ்ப்-சி மரபணுவை எழுப்புகிறது. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். உண்ணியை அன்றன்றே பிடுங்கிவிட்டால் பெரும்பாலும் நோய் வராததற்கு இதுவே காரணம்.

தோலுக்குள் வந்த முதல் நாள்களில் ஆஸ்ப்-சி இல்லாத கிருமி பிழைக்காது. ஆனால் உடல் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் செய்தபின், அதைத் தொடர்ந்து அணிந்திருப்பதும் சாவுதான். ஆகவே அதையும் கழற்றிவிடுகிறது. கொலாஜன் இழைகளை ஒட்டியிருக்கும் டெக்கோரினைப் பிடித்துத் தங்குகிறது. விஎல்எஸ்-ஈ என்ற இன்னொரு புரதத்தை, பேசாமல் கிடக்கும் 15 மரபுத்துண்டுகளிலிருந்து ஒட்டுப்போட்டு ஓயாமல் மாற்றுகிறது. இந்த மாற்றம் பாலூட்டியின் உடலில் நடக்கிறது, உண்ணியில் நடப்பதில்லை. இடம் அறிந்து நடக்கும் இந்த நுட்பம் இன்றும் என்னை வியக்கவைக்கிறது.

1998-இல் அங்கீகாரம் பெற்று 2002-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட தடுப்பூசி ஆஸ்ப்-ஏவைக் குறிவைத்தது. தோலில் அந்தப் புரதம் அநேகமாக மறைந்துவிடும். எனவே நம் ரத்தத்தோடு உண்ணியின் குடலுக்குள் போன எதிர்ப்பொருள், கிருமியை அங்கேயே மடக்கியது. எந்த மரபணு எங்கே பேசுகிறது என்று தெரிந்தால்தான் இப்படி யோசிக்க முடியும்.

இங்கே ஒரு வேண்டுகோள். நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி சோதனைக் குழாயும் எலியும் சொன்னவை. குழாயில் திரும்பத் திரும்ப வளர்த்தால் இந்தக் கிருமி பிளாஸ்மிடுகளை இழந்து, தொற்றும் திறனையே தொலைக்கிறது. விஎல்எஸ் துண்டுகள் இருப்பதும் அப்படிப்பட்ட ஒரு பிளாஸ்மிடில்தான். மனிதத் தோலிலோ, சில மில்லிமீட்டர் சதையில் கிருமிகள் மிகக் குறைவு. அவற்றின் ஆர்என்ஏ நம் ஆர்என்ஏ வெள்ளத்தில் மூழ்கிவிடுகிறது. கடினம்தான். ஆயினும் அந்தத் தடிப்பிலேயே தேடவேண்டும். இன்று கட்டுரை படிப்போர், எந்த வெப்பநிலையில், எத்தனையாவது வளர்ப்பில், எந்தெந்தப் பிளாஸ்மிடோடு இருந்த கிருமி என்பதை முதல் படத்திலேயே சொல்லிவிடுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.