ஒரே ஒரு எதிர்வாக்கு



பகைக்கு நடுவே பக்தி என்று எனக்குப் பேசத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். உடனே விவிலியத்தில் வரும் சிங்கக் குகையும் தீச்சூளையும் நினைவுக்கு வரும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நம் தாத்தா காலத்து விவசாயி ஒருவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெயர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். ஆஸ்திரியாவில், ஜெர்மனி எல்லையோரம் ராடெகுண்ட் என்ற சின்ன ஊர். 1907இல் பிறந்தவர்.

பிறவி ஞானி என்று எண்ணிவிடாதீர்கள். அந்த ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கிய ஆசாமி. அடிதடிக்கும் போனவர். 1936இல் ஃபிரான்சிஸ்காவைக் கைப்பிடித்தார். இருவரும் சேர்ந்து விவிலியம் படித்தார்கள். பிறகு, நம் பங்குகளில் கோவில்பிள்ளை என்கிறோமே, கோவிலைப் பார்த்துக்கொள்ளும் அந்த வேலையையும் ஏற்றுக்கொண்டார்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை நுழைந்தது. ஊர்த் தலைவர் பதவி தேடி வந்தது, வேண்டாம் என்றார். ஏப்ரல் 10ஆம் தேதி, ஜெர்மனியோடு இணைவதற்கு வாக்கெடுப்பு. ஊரில் விழுந்த ஒரே எதிர்வாக்கு இவருடையது. அதிகாரிகள் அந்த ஒன்றையும் மறைத்துவிட்டு, ஊரே ஒருமனதாக ஆதரித்தது என்று அறிவித்தார்கள். சர்வாதிகாரிக்கு ஒரு ஓட்டுக் குறைந்தாலும் தூக்கம் வராது போலிருக்கிறது!

இனி சொல்லப்போவதுதான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆலங்கட்டி மழையில் பயிர் நாசமானது. அரசு நிவாரணம் கொடுத்தது. எல்லோரும் வாங்கலாம்; இவர் வாங்கவில்லை. பிள்ளைகளுக்கென்று மாதாமாதம் உதவித்தொகை உண்டு. வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். அதையும் தொடவில்லை. வாங்கியிருந்தால் எந்தப் பாதிரியாரும் பாவம் என்று சொல்லியிருக்க மாட்டார். ஆனால் கை நீட்டி வாங்கியவன் நாளைக்கு வாய் திறந்து மறுக்க முடியுமா? பின்னால் 1943இல் படைமுகாமில் அவர் சொன்ன பெரிய 'மாட்டேன்' ஒரு நாளில் வந்ததல்ல. வீட்டு வரவு செலவில் பல காலம் பழகி வந்தது. அந்தப் பணம் வராத வீட்டில் உலை வைத்தது யார் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

போர் முற்றியது. படைக்கு அழைப்பு வரும் என்று தெரிந்துவிட்டது. உறவினர் கெஞ்சினார்கள். அவர் லின்ஸ் நகரத்து ஆயரிடமே போய்க் கேட்டார். போர் நியாயமா என்று பார்ப்பது உன் பொறுப்பல்ல, குடும்பத்தைப் பார் என்ற தோரணையில் பதில் வந்தது. அந்த ஆயரைக் கொடியவர் என்று நான் சொல்ல மாட்டேன். நம் வீட்டுப் பெரியவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பகை என்றால் கத்தியோடு வரும் என்று நினைக்கிறோம். பாதி நேரம் அது நம் நலம் நாடித்தான் வருகிறது.

ஃபிரான்சிஸ்காவும் முதலில் தடுத்துப் பார்த்தவர்தான். எல்லோரும் எதிர்த்து நின்றதைக் கண்டபின், நானும் கைவிட்டால் இவருக்கு யார் இருக்கிறார்கள் என்று பக்கத்தில் வந்து நின்றார்.

1943 மார்ச் தொடக்கத்தில், என்ஸ் நகரப் படைமுகாமில் ஃபிரான்ஸ் சொன்னார்: ஆயுதம் ஏந்த மாட்டேன். காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யத் தயார் என்றும் சொன்னார், அது எடுபடவில்லை. ஜூலை 6ஆம் தேதி பெர்லின் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அடுத்த வாரம் மனைவிக்குச் சந்திக்க அனுமதி கிடைத்தது. மொத்தம் இருபது நிமிடம். கூட வந்திருந்த ஊர்ப் பாதிரியாரோ அந்த நேரத்திலும் மனதை மாற்றிக்கொள்ளும்படி அவரை வற்புறுத்தினார். ஆகஸ்ட் 9ஆம் தேதி பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டது. வயது 36.

கதை இங்கே முடிந்ததாகப் பலரும் சொல்வார்கள். ஃபிரான்சிஸ்காவுக்கு முடியவில்லையே! உன் பக்திதான் அவனைக் கொன்றது என்று ஊர் அவரைக் குற்றம் சாட்டியது. போரில் மாண்டவர்களின் மனைவியருக்குக் கிடைத்த ஓய்வூதியம் 1950 வரை அவருக்கு மறுக்கப்பட்டது. போர் முடிந்த பிறகும், ஃபிரான்ஸைப் பற்றி எழுதிய கட்டுரையை மறைமாவட்ட இதழில் வெளியிட ஆயர் இசையவில்லை. அந்த அம்மா கணவர் விட்டுச்சென்ற கோவில்பிள்ளை வேலையைத் தாமே எடுத்துக்கொண்டு, தம்மை ஒதுக்கிய அதே ஊருக்குக் கோவில் கதவைத் திறந்துவிட்டார்.

1997இல் பெர்லின் நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26ஆம் தேதி, அதே லின்ஸ் மறைமாவட்டத்தின் பேராலயத்தில் ஃபிரான்ஸ் அருளாளராக உயர்த்தப்பட்டார். 94 வயது ஃபிரான்சிஸ்கா நேரில் இருந்து பார்த்தார். 2013இல், நூறு வயது நிறைந்து, காலமானார்.

திருச்சபையின் பட்டியலில் ஏறியிருப்பது ஒரு பெயர்தான். இன்றிரவு வீட்டுக்குப் போய் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வீர்களானால், தயவுசெய்து இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.