எண் காட்டும் இடம்

நாள்தோறும் உலகில் ஓர் இடத்தைக் குறித்துக்கொடுத்து, 'அங்கே போய் வருக' என்று ஆளை அனுப்பும் கணக்கு ஒன்று உண்டு. அதற்கு ஜியோஹாஷிங் என்று பெயர். அமெரிக்கச் சித்திரக்காரர் ராண்டல் மன்ரோ என்பார் 2008 மே மாதத்தில் வேடிக்கையாக வரைந்து வெளியிட்டதைப் பலர் மெய்யாகவே கைக்கொண்டனர். தேதியையும், நியூயார்க் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு தொடங்கிய எண்ணையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் இட்டால் இரண்டு பின்னங்கள் கிடைக்கும். அவற்றை நம் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளோடு ஒட்டிவிட்டால் இடம் கிடைத்துவிடும்.

புனே நகரத்துக்கு அப்பாகைகள் 18, 73. அக்கட்டம் தெற்கு வடக்காகச் சுமார் 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக அதைவிடச் சற்றுக் குறைவு.

முதற் குறை கடிகாரத்தினுடையது. நியூயார்க்கில் சந்தை காலை 9.30 மணிக்குத் திறக்கும்போது இங்கே இரவு 7 அல்லது 8 மணி ஆகிவிடும். இருட்டில் எங்கே போவது? ஆகவே, மேற்குத் தீர்க்கரேகை 30 பாகைக்குக் கிழக்கே உள்ளோர் முந்தைய நாளின் எண்ணைக் கொள்ளலாம் என்று விதி திருத்தப்பட்டது. சந்தைக்குச் சனி, ஞாயிறு விடுமுறையாதலால், வெள்ளி இரவே நமக்குத் திங்கள் வரைக்குமான இடங்கள் தெரிந்துவிடுகின்றன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு மற்றொரு குறை சுவையாகப்பட்டது. இவ்வகை எண்ணைத் தமிழ்க் கணிதப் பாடநூல்கள் 'சமவாய்ப்பு' என்ற சொல்லால் குறிக்கின்றன. இலங்கையில் 'எழுந்தமானம்' என்பர். பாகைகளுக்கு வாய்ப்பு சமம்தான், மண்ணுக்குச் சமமன்று. துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் ஒடுங்குவதால், உலகம் முழுவதிலிருந்தும் பாகைகளை இவ்வாறு பொறுக்கினால் குளிர்நாட்டுக்கே அதிகப் புள்ளிகள் விழும். புனேயின் ஒரு கட்டத்துக்குள் இந்த வேறுபாடு அற்பமே.

இங்கே பெருங்குறை நிலத்தில் இருக்கிறது. கொங்கணத் தாழ்நிலமும், சஹ்யாத்திரியின் செங்குத்துப் பாறைகளும், கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்புப் பயிற்சிக் கழகமும் இக்கட்டத்தில்தான் உள்ளன. மழைக்காலத்தில் வழுக்கும் விளிம்பென்றும், காவலர் நிற்கும் வாயிலென்றும் எண்ணுக்குத் தெரியாது. சில நாள் புள்ளி முள்ஷி ஏரியின் நடுவே விழக்கூடும். படத்தில் அது வெறும் நீலம். டாட்டா நிறுவனத்தின் மின்திட்டத்துக்காக அந்த அணை எழுந்தபோது, 1921 முதல் 1924 வரை சேனாபதி பாபட்டின் தலைமையில் உழவர்கள் சத்தியாக்கிரகம் செய்தனர். அவர்கள் காக்க முயன்ற வயல்கள் அந்த நீலத்தின் அடியில் கிடக்கின்றன.

2020இல் ராண்டோநாட்டிகா என்னும் கைப்பேசிச் செயலி பரவியபோது வேறொரு சங்கடம் சேர்ந்தது. மனத்தில் ஒன்றை நினைத்துக்கொண்டு போனால் அது எதிர்ப்படும் என்ற நம்பிக்கையை அது வளர்த்தது. அதற்குச் சான்று கிடையாது. அவ்வாண்டு ஜூனில், சியாட்டில் கடற்கரையில் அதைப் பின்பற்றிச் சென்ற இளைஞர்கள் மனித உடற்பகுதிகள் அடங்கிய பெட்டியைக் கண்டனர். புள்ளி எங்கோ ஓரிடத்தில் விழத்தான் வேண்டும். ஒன்றும் காணாமல் திரும்பிய எண்ணற்றோரைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

எட்டாத இடமானால் விட்டுவிடுவதோ, பக்கத்துக் கட்டத்தின் புள்ளியை நாடுவதோ இவ்விளையாட்டில் வழக்கம். நமக்குக் கிழக்கே 18, 74. தவுண்டும் பாராமதியும் அதில் அடங்கும். மலையேற்றம் குறைவு, ஆனால் புள்ளி கரும்புத் தோட்டத்துக்குள் விழுந்தால், உரியவரைக் கேட்டுத்தான் நுழையவேண்டும், அதுவும் மராத்தியில்.