அப்பாவுக்கு ஒன்றும் தெரியாதே, சாமி!



நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது சில வீடுகளில் நாங்கள் கேட்கும் சொல் இது: "அப்பாவுக்கு ஒன்றும் தெரியாதே சாமி, நற்கருணை எதற்கு?" அல்சைமர் என்னும் மறதிநோய் வந்த வீடுகள் அவை.

இந்நோய் எல்லாவற்றையும் ஒரே நாளில் பறிப்பதில்லை. புதியதைப் பதியவைக்கும் மூளைப் பகுதியைத்தான் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. அதனால் காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய திருமண நாள் நினைவிருக்கும். பிறகு பணக் கணக்கு, தெருவின் வழி, பொருள்களின் பெயர் என ஒவ்வொன்றாக நழுவும். மாலையானால் சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார்கள். பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரம்மா?" என்பார்கள். கடைசியில் நடையும் பேச்சும், விழுங்கும் திறனும்கூடப் போய்விடும். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். முதியோருக்கு மட்டுமே வருவது என்றும் எண்ண வேண்டாம். 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்த பெண், மருத்துவமனைக்கு வந்தபோது 51 வயதினர்.

ஆனால் சிறுவயதில் மனப்பாடமானது எளிதில் போவதில்லை. பிள்ளைகளின் பெயரை மறந்தவர்கள், நாங்கள் மங்கள வார்த்தை செபத்தைத் தொடங்கினால் மீதியைத் தாமே சொல்லி முடிப்பதைக் கண்டிருக்கிறோம். அதுவும் பாட்டி சொல்லிக்கொடுத்த பழைய பாடத்தில்! ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

தந்தையின் அறிவு குறைந்தாலும் பொறுமையாய் இரு என்கிறது சீராக்கின் ஞானநூல். பிள்ளைகளுக்கு எங்கே பொறுமை போகும் என்று அறிந்தே எழுதியிருக்கிறார். அப்பா தம் தாயைத் தேடினால், "பாட்டி செத்து நாற்பது வருஷமாச்சு" என்று திருத்தாதீர்கள். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதிய சாவு. "பாட்டி என்ன சமைப்பாங்க?" என்று கேளுங்கள், பேசுவார்.

அப்பத்தை விழுங்கச் சிரமப்பட்டால் சிறு துண்டு போதும். அதுவும் இயலாதவருக்குத் திரு இரத்தம் மட்டும் வழங்கத் திருச்சபை அனுமதிக்கிறது. தெளிவாய் இருந்த நாளில் விரும்பியிருக்கக்கூடியவருக்கு, நினைவு தவறியபின்னும் நோயில்பூசுதல் உண்டு. ஆகவே எங்களைக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டு அவரைப் பின்னறையில் வைத்துவிடாதீர்கள். திருப்பலி நடுவே எழுந்து நடந்தால் நடக்கட்டும். முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்காதிருந்தால் போதும்.

வரவே முடியாதவர் வீட்டில், அவரைக் கவனிக்கும் மகளும் பல மாதமாய்க் கோவிலுக்கு வந்திருக்கமாட்டார். அன்பியத்தில் ஒருவர் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் போய் உட்கார்ந்தால், அவர் திருப்பலிக்கு வரலாம்.