இருவர் ஆராய்ந்த ஒரு கேள்வி

எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையை என்ன செய்வது? ஜாசின் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் ஆசிரியர்களாகிய நாங்கள் அன்றாடம் சந்திக்கும் கேள்வி இது. பொருளியல் அறிஞர்கள் இருவரும் இதை ஆராய்ந்தனர்.

அபிஜித் பானர்ஜி 1961இல் மும்பையில் பிறந்தவர். பெற்றோர் இருவருமே பொருளியல் பேராசிரியர்கள். எஸ்தர் டுஃப்லோ 1972இல் பாரிசில் பிறந்தவர். அமெரிக்காவில் அபிஜித்திடம் ஆய்வு மாணவியாக இருந்தவர். தமிழரான செந்தில் முல்லைநாதனும் இவர்களும் சேர்ந்து 2003இல் வறுமை ஆய்வகம் ஒன்றை நிறுவினர்.

மும்பை, வதோதரா பள்ளிகளில் 'பிரதம்' என்னும் தொண்டு நிறுவனம், பின்தங்கிய பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி, உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டு அடிப்படைப் பாடம் கற்பித்தது. குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்து, இருவரும் சக ஆய்வாளர்களும் பலனை அளந்தனர். பின்தங்கியோரே அதிகம் முன்னேறினர்! 2007இல் ஆய்வு வெளியானது.

2011இல் இருவரும் சேர்ந்து வறுமை பற்றி நூல் எழுதினர். 2015இல் மணம் புரிந்தனர். 2019இல் மைக்கேல் கிரெமருடன் நோபல் பரிசு பெற்றனர். மாணவியாக வந்தவர் சரிநிகர் துணையானார்.

கடைசி வரிசைப் பிள்ளையை 'மக்கு' என்று ஒதுக்குமுன், அவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.