கோழிக்காலின் மஞ்சள் சொல்லும் சேதி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் பொறியாளன். உயிரியல் எனக்குப் பிளஸ் டூவோடு சரி. ஆனாலும் பரிணாமத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "அதெல்லாம் வெறும் தியரிங்க, கண்ணால பார்த்தது யாரு?" என்று கேட்பவர்கள் உண்டு. நாமக்கல்காரர்கள் அப்படிக் கேட்கலாமா? சான்று நம்ம கோழிப்பண்ணையிலேயே இருக்குங்களே!

வெள்ளை லெகார்ன் கோழியின் காலைப் பாருங்கள், மஞ்சள் நிறம். வீட்டுக்கோழிக்கு முக்கிய மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் இந்த மஞ்சள் தோலுக்கான மரபணு, நம் தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. நிலத்துக்கு மூலப்பத்திரம் தேடுவது மாதிரிதான் இதுவும்.

"கோழி கதை சரி, மனுஷனுக்கு?" என்பீர்கள். மஞ்சள் கருவுக்கான புரதத்தைச் செய்ய கோழிக்கு மூன்று மரபணுக்கள் உண்டு. நாம் முட்டையிடுவதில்லை. ஆனாலும் அவற்றின் சிதைந்த மிச்சங்கள் நம் மரபணுத் தொகுதியில், அதே அக்கம்பக்கத்து மரபணுக்களுக்கு நடுவே கிடக்கின்றன.

பரீட்சை ஹாலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விடைத்தாளில் சரியான விடை ஒன்றாக இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்தால்? வைட்டமின் சி தயாரிக்க உதவும் மரபணு கோழியிடம் நன்றாக வேலை செய்கிறது. நம்மிடமும் சிம்பன்சியிடமும் அது ஒரே மாதிரி பழுதாகிக் கிடக்கிறது. தப்பு ஒன்று என்றால் மூலப்பிரதியும் ஒன்றுதானே?

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மருந்து போட்டால் பெரும்பாலான கிருமிகள் சாகும். தாக்குப்பிடிக்கும் ஒன்றிரண்டு பிழைத்துப் பெருகும். இதுவும் பரிணாமம்தான், கண்ணெதிரே நடப்பது. கோலிஸ்டின் என்பது வேறு மருந்து கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது. அதையே வளர்ச்சிக்காகக் கோழித் தீவனத்திலும் கலந்தார்கள். அதை எதிர்க்கும் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்று 2015-இல் சீனாவில் கண்டறிந்தார்கள். 2019 ஜூலையில் இந்திய அரசு கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் அந்த மருந்தைத் தடை செய்தது.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் வீட்டில் பண்ணை இருக்கும். கால்நடை மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் கலக்காதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பரிணாமத்தை நாம் நம்பாமல் இருக்கலாம். கிருமி அதற்காகக் காத்திருக்காது.