நேர்முகத் தேர்வுக்கு என்ன உடுத்துவது?



எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த பெண்பிள்ளைக்கு ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முக அழைப்பு வந்துவிட்டால், நம் தோட்டத்து வீடுகளில் உடனே ஒரு கேள்வி எழும். "பிள்ளை எதை உடுத்திக்கொண்டு போவது?" கேட்பவர் பெரும்பாலும் தாயார்தாம். பதில் சொல்பவர்கள் பக்கத்து வீட்டார், அத்தை, பெரியம்மா. பிள்ளை மட்டும் வாய் திறப்பதில்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு, இடைநிலைப் பள்ளியில் ஐந்தாண்டு, ஆக 11 ஆண்டுகள் சீருடை அணிந்தே பழகிய பிள்ளை அவள். தன் உடையைத் தானே தேர்ந்தெடுக்கும் முதல் நாள் இது.

இதை அற்பக் காரியம் என்று நாம் ஒதுக்குவதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எமக்கு முதன்முதலில் அழைப்பு வந்தது 1999ஆம் ஆண்டில். எம் தாயார் பால்மரம் வெட்டியவர். மகள் ஆசிரியையாகப் போகிறாள் என்ற பூரிப்பில் லயமே கூடிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து பட்டுச்சேலை வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து கண்ணாடி வளையல்கள் வந்தன. அடகுக் கடையில் கிடந்த சங்கிலியைச் சீட்டுப் பணத்தை எடுத்து அம்மா மீட்டு வந்தார். விடியற்காலையில் மூன்று பேர் சுற்றி நின்று சேலையைக் கட்டிவிட்டனர்.

நேர்முக அறையில் அதிகாரி ஒருவர் வெண்கட்டியைக் கையில் கொடுத்து, "ஒரு வாக்கியம் எழுதி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள்" என்றார். கையை உயர்த்தினோம். முந்தானை நழுவியது. இடக்கையால் அதைப் பிடித்தோம். வளையல்கள் கலகலத்தன. எழுதத் தொடங்கிய வாக்கியம் பாதியிலேயே மறந்துபோயிற்று.

அவ்வாண்டு எமக்கு இடம் கிடைக்கவில்லை. உடையினால்தான் கிடைக்கவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். எம்மைவிடத் தகுதியுடையோர் பலர் வந்திருக்கலாம். ஆனால், எம் கவனத்தில் பாதி அந்த முந்தானையில் இருந்தது என்பது எமக்குத் தெரியும். மீட்ட சங்கிலியும் அடுத்த மாதமே அடகுக் கடைக்குத் திரும்பிப் போயிற்று.

மறு ஆண்டு மீண்டும் அழைப்பு வந்தது. அப்போது நாம் தற்காலிக ஆசிரியையாக இருந்தோம். வகுப்புக்கு வழக்கமாகக் கட்டிச் சென்ற, பருத்தி கலந்த நூல்சேலையையே கட்டிக்கொண்டு போனோம். அன்று சேலையைப் பற்றிய நினைவே எமக்கு வரவில்லை. சொல்ல வந்த கதையை முழுவதும் சொல்லி முடித்தோம்.

நேயர்களே, நாம் சொல்ல வருவது இதுதான். உடுத்தியபின் உங்களுக்கு மறந்துபோகும் உடையே நேர்முகத் தேர்வுக்கு ஏற்ற உடை.

நாம் பயின்ற காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் என்று வழங்கியவை இன்று ஆசிரியர் கல்விக் கழகங்களாகிவிட்டன. நாடெங்கும் 27 வளாகங்கள் உள்ளன. பயிற்சியும் பட்டப் படிப்பாக உயர்ந்திருக்கிறது. ஆயினும், எழுந்து நின்று பேசவும் மற்றவரோடு சேர்ந்து உரையாடவும் உங்களால் முடிகிறதா என்று பார்ப்பது மாறவில்லை. தாதியர் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

முதலில் அழைப்புக் கடிதத்தைப் படியுங்கள். உடையைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தால், அதுவே உங்களுக்குச் சட்டம். அப்படி ஒன்றும் இல்லையென்றால், சேலை, பஞ்சாபி உடை, பாஜு கூரோங் ஆகிய மூன்றில் எதுவும் தகும். மூன்றையும் நம் ஆசிரியைகள் நாள்தோறும் பள்ளிக்கு அணிந்து செல்கின்றனர். இவற்றுள் உயர்வு தாழ்வு இல்லை. சேலையைத் தானே கட்டத் தெரிந்த பிள்ளை சேலை கட்டட்டும். பிறர் கட்டிவிட வேண்டுமென்றால், அன்றைக்கு அது வேண்டாம். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து செல்லும் பிள்ளைக்குப் பஞ்சாபி உடையே வசதி. மழைச் சட்டையையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

துணி மெல்லியதாக இருந்தால் உள்துணி வைத்துத் தையுங்கள். வெறும் பருத்தி விரைவில் கசங்கும். பருத்தி கலந்த துணி பிற்பகல் வரை தாங்கும். காத்திருக்கும் இடம் புழுக்கமாகவும், உள்ளே குளிர்சாதன அறை நடுங்க வைப்பதாகவும் இருக்கக்கூடும். இரண்டுக்கும் ஏற்ற, முழங்கைவரை கையுள்ள உடை நல்லது. சப்பாத்து முன்புறம் மூடியதாக, குதி தாழ்ந்ததாக இருக்கட்டும். புதியதென்றால் மூன்று நாளைக்கு முன்பே அணிந்து நடந்து பாருங்கள். குதிகாலில் கொப்புளத்தோடு புன்னகை செய்வது கடினம்.

நகை ஒரு தோடும் கைக்கடிகாரமும் போதும். ஓசையிடும் வளையல் வேண்டாம். பொட்டை அழித்துவிட்டுப் போகச் சொல்வோரும் உண்டு. அதற்கு அவசியமில்லை. சிறு பொட்டு யாருக்கும் இடையூறு செய்வதில்லை. தலைமுடி முகத்தில் விழாமல் கட்டியிருந்தால் போதும்.

இனி, வீட்டிலேயே ஓர் ஒத்திகை பாருங்கள். முழு உடையோடு நாற்காலியில் அமர்ந்து எழுங்கள். தரையில் விழுந்த பென்சிலைக் குனிந்து எடுங்கள். கதவின் மேற்பகுதியில் எழுதுவதுபோல் கையை உயர்த்துங்கள். நான்கு படி ஏறி இறங்குங்கள். சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நின்று, துணி ஊடுருவித் தெரிகிறதா என்று தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஐந்திலும் ஒரு முறைகூட உடையைச் சரிசெய்ய வேண்டி வரவில்லையென்றால், அந்த உடை தேறிவிட்டது.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். கடன் வாங்கிப் பட்டு வாங்காதீர்கள். நகையை மீட்க வட்டி கட்டாதீர்கள். அந்தப் பணம் இருந்தால், பிள்ளைக்கு நல்ல சப்பாத்து ஒரு சோடியும் சான்றிதழ்களை வைக்க ஒரு கோப்பும் வாங்கிக் கொடுங்கள். மீதி, போக்குவரவுக்கும் பகலுணவுக்கும் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, "நீ எதை உடுத்த நினைக்கிறாய்?" என்று பிள்ளையை ஒரு முறை கேளுங்கள். நாளை நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கப் போகிறவள், இன்று தன் சட்டையைத் தானே தேர்ந்தெடுக்கட்டும்.

எம் தாயார் மீது எமக்கு இன்றும் குறையில்லை. தம்மிடம் இல்லாததையெல்லாம் தேடி எடுத்து எமக்குப் பூட்டி அனுப்பினார். இரண்டாம் முறை புறப்பட்டபோது அவர் செய்தது ஒன்றுதான். அதே பழைய நூல்சேலையை முதல்நாள் இரவே துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்தார். அதுவே எமக்குப் போதுமாயிருந்தது.

நேர்முகத் தேர்வுக்குப் புறப்படும் பிள்ளைகள் அனைவருக்கும் எம் வாழ்த்துகள்.