மேடைப் பாட்டும் சபைப் பாட்டும்



கொழும்பிலே ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்தின் பக்கமாகவோ, வெள்ளவத்தைத் தேவாலயங்களின் பக்கமாகவோ நடந்து செல்பவரின் செவியில் ஆர்மோனியத்துடன் இசைந்த தமிழ்க் கீர்த்தனையும் விழும். கிற்றார் ஒலியும் விழும். சனிக்கிழமை இரவு திருமண வைபவமொன்றில் காதற் பாட்டுப் பாடிய இளைஞரொருவர், மறுநாட் காலை அதே கிற்றாருடன் பாடகர் குழுவில் நிற்பதும் உண்டு. "நேற்று அதைப் பாடிய வாய் இன்று இதைப் பாடலாமா?" என்று முதியோர் சிலர் முணுமுணுப்பர். இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடுதல் தகாது.

இதே கேள்வியைத் தம் வாழ்விலே சந்தித்த ஒருவரை முதலில் நோக்குவோம். டான் பீக் என்பார் 1950ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்தவர். விமானப் படையினர் ஒருவரின் மைந்தர். தந்தையாரின் பணி காரணமாக இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில், தம்மைப் போன்ற குடும்பச் சூழலிலிருந்து வந்த இரு நண்பருடன் சேர்ந்து 'அமெரிக்கா' என்னும் இசைக்குழுவை அமைத்தார். ரொக் இசை என்றதும் பேரிரைச்சலே பலர் நினைவுக்கு வரும். இவர்களுடையதோ மென்மையான ரொக் இசை. கிற்றார்களின் இழைவும் மூன்று குரல்களின் இணைவுமே அதன் உயிர். 1972இல் இவர்களது பாடலொன்று அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது. பீக்கும் அவர் துணைவியாரும் சேர்ந்து இயற்றிய 'லோன்லி பீப்பிள்', தனிமையில் வாடுவோருக்கு ஆறுதல் கூறும் பாட்டு. அது 1975இல் முதல் ஐந்து இடங்களுள் ஒன்றைப் பிடித்தது.

புகழ் வந்த வழியே போதைப் பழக்கமும் வந்தது. 1977இல் பீக் குழுவை விட்டு விலகினார். இளமையில் அறிந்த கிறிஸ்தவ விசுவாசத்துக்குத் திரும்பினார். பாடகர் பாட் பூன் நடத்திய இசைத்தட்டு நிறுவனத்தின் வாயிலாக அவர் வெளியிட்ட 'ஆல் திங்ஸ் ஆர் பொசிபிள்' என்ற பாடல் கிறிஸ்தவப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது. பொதுப்பாடல் வரிசையிலும் இடங்கண்டது. 1986இல், தமது பழைய 'லோன்லி பீப்பிள்' பாடலையே எடுத்து, சொற்களைத் தம் விசுவாசத்துக்கேற்ப மாற்றி, மீண்டும் பாடிப் பதிவு செய்தார். 2011இல் காலமானார்.

இங்கே மாறியது யாது? குரல் மாறவில்லை, இசையின் மென்மையும் பெரிதும் மாறவில்லை. சொல் மாறிற்று. அது சிறிய மாற்றமன்று. ஆயினும், ஒருவர் தாம் அடைந்த மீட்சியைத் தம் வாயாற் கூறுவது சாட்சிப் பாட்டு. நாம் அமர்ந்து கேட்கிறோம். சபையார் எல்லோரும் தம் பாட்டாகவே பாடுவதுதான் வழிபாட்டுப் பாட்டு. ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்ல இன்னும் ஒரு படி ஏறவேண்டும். தேர்ந்த பாடகரின் குரலெட்டும் உச்சம் சபையாருக்கு எட்டாது. அவர் தாளத்தை விட்டுப் பிடிக்குமிடத்திற் சபை தடுமாறும். நீண்ட வாத்திய இடையீட்டின்போது மக்கள் வெறுமனே நிற்பர்.

நம் தமிழிலே இப்படியை ஏறியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இற் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி பயின்று, சரபோஜி மன்னரின் அவைப் புலவராக விளங்கியவர் அவர். காதலும் குறிகேட்டலும் நிறைந்த குறவஞ்சி என்னும் நாடகவகையை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி'யை ஆக்கினார். அதில் தேவமோகினி என்னும் தலைவி கிறிஸ்துவை நாடி ஏங்குகிறாள். காதற்பாட்டு இறைபாட்டாவது தமிழருக்குப் புதிதன்று என்பதற்கு ஆழ்வார்களும் நாயன்மாரும் முன்னரே சான்று. சாஸ்திரியார் கீர்த்தனைகளும் இயற்றினார். கீர்த்தனையிலே தலைவர் சரணத்தைப் பாடுவார்; பல்லவி வந்ததும் சபை முழுவதும் சேர்ந்துகொள்ளும். எழுத்தறியாதவரும் இரண்டாம் முறை பல்லவி வரும்போது பாடிவிடுவர்.

கத்தோலிக்க உலகிலும், 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுச் சாசனம், மக்கள் பாட்டிற் பங்கு கொள்ளவேண்டுமென்றும், அவ்வந்நாட்டு இசை மரபுகளுக்குத் தக்க மதிப்பளிக்கவேண்டுமென்றும் கூறிற்று.

ஆகவே, கிற்றாரா ஆர்மோனியமா என்பதிலே வழக்கில்லை. நேற்றுப் பாடிய வாய் எது என்பதிலும் இல்லை. இன்று அந்த வாய் மற்றவர் வாயைத் திறக்கின்றதா என்பதே கேட்கத்தக்கது. கிற்றார் ஏந்தும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் ஒன்று கூறுவேன்: சுருதியைச் சற்று இறக்குங்கள், இடையிசையைக் குறையுங்கள், பல்லவி வரும்போது உங்கள் குரலைத் தாழ்த்தி, சபையின் குரலுக்குச் செவிகொடுங்கள். மேடையிற் கைதட்டல் பெற்றுப் பழகியவர்க்கு இது எளிதன்று. தம் குரல் கேளாமற் போவதை விரும்பி ஏற்பது பாடகனுக்குப் பெருந்துறவு. ஆயினும், பின்வரிசையிலே கோலூன்றி நிற்கும் மூதாட்டி ஒருவர் புத்தகம் பாராமல் அந்தப் பாட்டைப் பாடுவாரானால், முணுமுணுத்த முதியோருக்கு அதனினும் நல்ல விடை வேண்டுமோ?